உதைத்தால் காசு, உண்டால் பலம்

அடி வாங்கி விழுந்தவன் மறைந்துபோகிறான். அவன் கிடந்த இடத்தில் ஒரு நாணயம் துள்ளுகிறது. "அப்பா, காசு! முதல்ல காசை எடுங்க!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகள் கத்துகிறாள். எதிரே இன்னும் ஒருவன் சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு வருகிறான் என்பது அவளுக்குப் பொருட்டாகவே தெரியவில்லை. அவள் கணக்கு வேறு. இந்தக் காசு கிடைத்தால் அடுத்த தெருவிலுள்ள கடையில் அவளுடைய ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு வாங்கலாம். ஆடத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத பன்னிரண்டு வயதுப் பெண், 1989இல் வெளிவந்த ஒரு வீடியோ விளையாட்டின் உள்ளுயிரை இப்படிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

விளையாட்டின் பெயர் ‘டவுன்டவுன் நெக்கெட்சு மொனொகதாரி’. டெக்னோஸ் ஜப்பான் என்ற நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக 1989 ஏப்ரலில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றபோது ‘ரிவர் சிட்டி ரேன்சம்’ என்றும், பின்னர் ஐரோப்பாவில் ‘ஸ்ட்ரீட் கேங்ஸ்’ என்றும் பெயர் மாறியது. நெக்கெட்சு என்றால் சொல்லுக்குச் சொல் ‘சூடான இரத்தம்’. நம் ஊரில் ‘இளரத்தம், அப்படித்தான் இருக்கும்’ என்று பெரியவர்கள் பாதி கண்டிப்பும் பாதி பெருமையுமாகச் சொல்வார்களே, அந்தத் தொனிக்கு மிக அருகில் வரும் சொல் அது. கதை ஒரு வரிதான். ரெய்ஹோ என்ற உயர்நிலைப் பள்ளியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த யமடா என்பவன், ஹனசோனோ பள்ளியைச் சேர்ந்த ரிக்கியின் காதலியைப் பிடித்து வைத்திருக்கிறான். நெக்கெட்சு பள்ளியைச் சேர்ந்த குனியோவும் ரிக்கியும் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அடித்துக்கொண்டே நடந்துபோய் அவளை மீட்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தக் குனியோ யார் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. டெக்னோஸ் ஜப்பான் 1981இல் டேட்டா ஈஸ்ட் நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கியது. பின்னாளில் அங்கே வந்து சேர்ந்த யோஷிஹிசா கிஷிமோட்டோவும் டேட்டா ஈஸ்டில் லேசர் தட்டு விளையாட்டுகளைச் செய்தவர்தான். பள்ளி நாளில் ஒரு பெண் தன்னை விட்டு விலகிய பிறகு நாள்தோறும் சண்டை போட்டுக்கொண்டு திரிந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நினைவுகளைக் கொண்டு 1986இல் அவர் உருவாக்கிய ஆர்கேட் விளையாட்டு, அதாவது காசு போட்டு ஆடும் பொது இயந்திர விளையாட்டு, ‘நெக்கெட்சு கோஹா குனியோ-குன்’. நாயகனுக்கு நிறுவனத் தலைவர் குனியோ தகியின் பெயரையே வைத்துவிட்டார்கள். தெருச்சண்டைக்காரப் பையனுக்கு முதலாளியின் பெயரைச் சூட்டி, அதற்கு முதலாளியிடமே ஒப்புதலும் வாங்கிய அலுவலகம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மேலும் கீழும் நகர்ந்து தெருவின் ஆழத்தையும் பயன்படுத்திச் சண்டையிடும் முறைக்கு அந்த விளையாட்டுத்தான் அடித்தளம் போட்டது. மறு ஆண்டே அதே கிஷிமோட்டோ ‘டபுள் டிராகன்’ மூலம் அதை உலகம் முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்றைய ஜப்பானில் பள்ளிச் சண்டியர் என்பது ஊரறிந்த ஒரு வார்ப்பு. கறுப்பு நிறத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட ககுரான் சீருடை, நெற்றிக்கு மேல் தூக்கிச் சீவிய முடி, ஒவ்வொரு பள்ளிக்கும் ‘பான்ச்சோ’ என்றழைக்கப்படும் ஒரு சண்டியர் தலைவன், பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே தீராத பகை என்று அதற்கென்றே ஓர் இலக்கணம் இருந்தது. அதில் ‘கோஹா’ என்பது பெண்கள் பின்னால் சுற்றாத, சொன்ன சொல் தவறாத, நண்பனுக்காக அடி வாங்கத் தயங்காத முரடனைக் குறிக்கும். ஆர்கேட் விளையாட்டில் குனியோ சண்டைக்குப் போவதெல்லாம் தன் நண்பன் ஹிரோஷி அடிபடுவதைப் பொறுக்க முடியாமல்தான். அங்கே முதல் கட்டத்தின் முடிவில், ரயில் நிலைய நடைமேடையில், குனியோ மோதி வீழ்த்தும் எதிரியின் பெயர் ரிக்கி. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ரிக்கி தோளோடு தோள் நின்று இரண்டாவது ஆட்டக்காரனாகிறான். இவர்கள் எப்படி நண்பர்களானார்கள் என்று விளையாட்டு நின்று விளக்குவதில்லை. அடித்துக்கொண்டவர்கள்தாம் பிறகு ஒட்டிக்கொள்வார்கள் என்பது எந்த ஊர்ப் பள்ளி மைதானத்திலும் தெரிந்த செய்தி என்பதால் விளக்கம் தேவைப்படவும் இல்லை.

அந்த ஆண்டுகளில் ஜப்பானிய வீடுகளை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது வேறொரு வகை. 1986 மே மாதம் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. 1988 பிப்ரவரியில் அதன் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது கடைகளுக்கு முன்னால் நீண்ட வரிசைகள் நின்றன. எண்கள் ஏற ஏற நம் ஆள் வலுப்பெறுவான் என்ற எளிய இன்பத்துக்கு ஒரு நாடே பழகிப்போயிருந்தது. ஆகவே அடிதடி விளையாட்டிலும் எண்களைச் சேர்க்கலாம் என்ற யோசனை டெக்னோஸ்காரர்களுக்கு வந்ததில் வியப்பில்லை. அதை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில்தான் எனக்கு வியப்பு. குத்து, உதை, ஆயுதம், எறிதல், சுறுசுறுப்பு, தற்காப்பு, வலிமை, ஆற்றல் வற்றிய பின்னும் தாக்குப்பிடிக்க வைக்கும் மனத்திடம் என்று தனித்தனியே எண்கள் இருக்கின்றன. ஆனால் நூறு பேரை அடித்து வீழ்த்தினாலும் இவற்றில் ஒன்றுகூட ஏறாது. அனுபவப் புள்ளி என்ற பேச்சே இங்கே இல்லை. வீழ்ந்தவன் விட்டுச்செல்லும் காசை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டும், எதையாவது வாங்கித் தின்ன வேண்டும். அப்போதுதான் எண்கள் ஏறும்.

ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலையத்தை ஒட்டி ‘ஷோதெங்காய்’ என்ற கடைத்தெரு இருக்கும். சிறு உணவகம், மருந்துக்கடை, புத்தகக்கடை, காலணிக்கடை, பொதுக்குளியலகம் என்று வரிசையாக நிற்கும். பெரும்பாலும் வண்டிகள் உள்ளே வருவதில்லை. இந்த விளையாட்டின் வரைபடம் அந்தத் தெருக்களால்தான் கோக்கப்பட்டிருக்கிறது. பாலம், பூங்கா, தொழிற்சாலை, கிடங்கு என்று நான்கைந்து சண்டைத் திரைகளைக் கடந்தால் ஒரு கடைத்தெரு வரும். அங்கே யாரும் நம்மை அடிக்க மாட்டார்கள். இசை மாறும். கதவுக்கு முன்னால் நின்று மேல் பொத்தானை அழுத்தினால் கடைக்குள் போகலாம். பட்டியல் விரிந்து, பண்டங்களின் பெயரும் விலையும் மட்டும் தெரியும். எதைத் தின்றால் எது ஏறும் என்று எங்கும் எழுதியிருக்காது.

இந்த மௌனம்தான் விளையாட்டின் மிகச் சிறந்த முடிவு என்று நான் கருதுகிறேன். மகளும் நானும் முதல் நாள் என்ன செய்தோம் என்றால், கடைக்குள் நுழையும் முன் நிலைத் திரையைத் திறந்து எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம். ஏதோ ஒன்றைத் தின்றோம். வெளியே வந்து மறுபடி திரையைத் திறந்து எது மாறியிருக்கிறது என்று பார்த்தோம். ஒரு நூடுல்ஸ் கிண்ணம் உதைக்கு, இன்னொரு பண்டம் மனத்திடத்துக்கு என்று பட்டியல் மெல்ல வளர்ந்தது. விலை உயர்ந்ததெல்லாம் பலம் தரும் என்று நம்பி ஏமாந்தோம். மலிவான சிலவற்றைத் தின்று தின்றே ஒரு மாலையை ஓட்டினோம். நாக்கால் ஊரை அறிந்துகொள்ளும் வழி இது. புது ஊருக்கு மாற்றலாகிப் போனவர் முதல் வாரத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான்: எந்தக் கடையில் எது நன்றாக இருக்கிறது, எங்கே நம் காசுக்கு வயிறு நிறையும் என்று கணக்கிட்டுக்கொண்டே தெருக்களைப் பழகுவது. பந்திக்கு முந்தச் சொல்லியும் படைக்குப் பிந்தச் சொல்லியும் நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இங்கே படைக்கு முந்தாதவனுக்குப் பந்தியே இல்லை.

பர்கர் கடைப் பட்டியலில் பண்டங்களோடு ‘புன்னகை’ என்றும் ஒன்று இருக்கும். விலை 0. அன்றைய ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் கடைகளின் விலைப்பட்டியலில் உண்மையாகவே ‘புன்னகை, 0 யென்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கான கேலி இது. அமெரிக்கப் பதிப்பிலும் அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. வாங்கினால் எந்த எண்ணும் ஏறாது. என் மகள் ஒவ்வொரு முறையும் வாங்குகிறாள்.

புத்தகக்கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சண்டை உத்திகள் புத்தகமாக விற்கப்படுகின்றன. ஒரு நூலை வாங்கிப் படித்துவிட்டால் கை ஒன்றுக்கு மேற்பட்டதாகத் தெரியும் வேகத்தில் குத்துகள் விழத் தொடங்கும். ஜப்பானியப் பதிப்பில் அதற்கு ‘மாக் பன்ச்’ என்று பெயர், ஒலிவேகக் குத்து. உதைக்கு ‘மாக் கிக்’. எதிரியைத் தூக்கி ஈட்டிபோல் எறிவதற்கும் புத்தகம் உண்டு. வகுப்பில் புத்தகத்தைத் திறந்தே பார்த்திராத முரட்டுப் பையன்கள் தெருச்சண்டைக்காகக் காசு சேர்த்துப் புத்தகம் வாங்குகிறார்கள் என்ற நகைச்சுவையை விளையாட்டு வாய்விட்டுச் சொல்வதே இல்லை. குளியலகத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. நம் வீரர் ஆடை களைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை எதையெதையோ தணிக்கை செய்த காலத்தில் இந்த அம்மணம் எப்படித் தப்பியது என்பது எனக்கு இன்றுவரை புதிர்தான்.

சுரங்கப்பாதையின் கரிய சுவரில் ஒரு கடை ஒளிந்திருப்பதும் உண்டு. கதவு என்று எதுவும் வரைந்திருக்காது. சரியான இடத்தில் நின்று மேல் பொத்தானை அழுத்தினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். விலைகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் இறுதிக் கட்டத்துக்குத் தேவையான பலத்தை இரண்டே பொருளில் வாங்கிவிடலாம். யாரோ சொல்லித்தான் இது தெரியவரும். இணையம் இல்லாத நாளில் அந்த ‘யாரோ’ ஒரு வகுப்புத் தோழனாகத்தான் இருந்திருக்க முடியும்.

சண்டை எப்படி என்று கேட்பவர்களுக்கு: இரண்டே பொத்தான்கள். ஒன்று குத்து, ஒன்று உதை, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தாவல். திசையை இருமுறை தட்டினால் ஓட்டம். இவற்றுக்குள் அடக்கிய சாத்தியங்கள் ஏராளம். தெருவில் கிடக்கும் தடி, சங்கிலி, கல், வண்டிச் சக்கரம், குப்பைத்தொட்டி எல்லாமே ஆயுதம். குப்பைத்தொட்டியைக் கையில் பிடித்து அடிக்கலாம், எறியலாம், கீழே வைத்து அதன்மேல் ஏறி மதிலுக்குத் தாவலாம். விழுந்து கிடப்பவனையே தூக்கி அடுத்தவன்மேல் வீசலாம். எறிந்த பொருள் சுவரில் மோதித் திரும்பி வந்து எறிந்தவனையே தாக்கும். ஒருமுறை நான் கிடங்குக்குள் நின்று ஒரு பெட்டியை வீசினேன். அது எதிரியைத் தாண்டிச் சுவரில் பட்டு, திரும்பி வந்து என் மகளின் ரிக்கியை வீழ்த்திவிட்டது. இருவர் ஆடும்போது ஒருவர் அடி மற்றவர்மேல் பட வேண்டுமா என்பதைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கலாம்; நாங்கள் படும் என்று தேர்ந்திருந்தோம். அதன் பிறகு பத்து நிமிடம் எதிரிகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபேமிகாமின் எல்லைகளை நினைத்தால் இத்தனையும் நடப்பது சிறிய சாதனை அன்று. 2 கிலோபைட் வேலை நினைவகம், ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுகளுக்கு (நகரும் சிறு படத்துண்டுகளுக்கு) மேல் காட்ட முடியாத திரைச்சில்லு. ஆட்கள் ஒரே வரிசையில் கூடினால் கை கால்கள் மினுக்கி மறையத் தொடங்கும். அதனால்தானோ என்னவோ உருவங்களைக் குள்ளமாக, பெரிய தலையும் பெரிய முகமுமாக வரைந்துவிட்டார்கள். அந்த முகத்தில் வலி தெரிகிறது, திகைப்பு தெரிகிறது. அடி விழும்போது கண் பிதுங்கும். ‘டபுள் டிராகன்’ ஆட்கள் உயரமாக, விறைப்பாக நின்றார்கள். இவர்கள் அடிபட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. குனியோ வரிசை பின்னாளில் கால்பந்து, விளையாட்டு விழா, பழங்காலச் சாமுராய்க் கதை என்று எங்கெங்கோ போனபோதும் இந்தக் குள்ள உருவத்தை விடவே இல்லை. சவா கசுவோவின் இசையும் அதே குறும்போடுதான் ஓடுகிறது. பள்ளிக்குள் ரியூயிச்சி, ரியூஜி என்ற இரட்டையர் எதிர்ப்படும்போது மட்டும் திடீரென்று ‘டபுள் டிராகன்’ இசை ஒலிக்கும். நிறுவனம் தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்ட இடம் அது.

அமெரிக்காவுக்குப் போனபோது குனியோ அலெக்ஸ் ஆனான், ரிக்கி ரயன் ஆனான், அவன் காதலி சிண்டி ஆனாள். ககுரானைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் டீ-ஷர்ட்டும் ஜீன்ஸும் மாட்டிவிட்டார்கள். பள்ளிகளாக இருந்த எதிரிகள் ஒன்பது தெருக்கும்பல்கள் ஆனார்கள். அடிபட்டு விழுகிறவன் ‘பார்ஃப்!’ என்று கத்துவது அந்தப் பதிப்பின் கண்டுபிடிப்பு. குமட்டலைக் குறிக்கும் கொச்சைச் சொல் அது. அங்கே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த ஒற்றைச் சொல் போதும், முழு விளையாட்டும் நினைவுக்கு வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் தம் வேலையை ரசித்துச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஆடை மாற்றம் ஒரு விஷயத்தை இழந்துவிட்டது. ஒரே சீருடை போட்ட பையன்கள், சீருடையின் நிறத்தால் மட்டும் பகைவர்களாகிறார்கள் என்பதில் இருந்த வேடிக்கையும் சிறு சோகமும் தெருக்கும்பல்களில் இல்லை. கடைத்தெருவை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. பெயர்ப்பலகையை மாற்றினாலும் அந்தத் தெரு ஜப்பானிலேயேதான் நிற்கிறது.

2020இல் குனியோ விளையாட்டுகளையும் ‘டபுள் டிராகன்’ விளையாட்டுகளையும் ஒன்றாகத் தொகுத்து, அதுவரை ஜப்பானியத்தில் மட்டும் கிடைத்தவற்றுக்கு ஆங்கிலமும் சேர்த்து வெளியிட்டார்கள். அதில்தான் நான் இரு பதிப்புகளையும் அடுத்தடுத்து ஆடினேன். நினைத்த இடத்தில் சேமித்துவைக்கும் வசதி அதில் இருக்கிறது. இருந்தும் பழைய முறையில்தான் ஆடுவேன் என்று வீம்பு பிடித்து, விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர அமெரிக்கப் பதிப்பு தரும் கடவுச்சொல்லைக் கையால் எழுதி வைத்தேன். பதினொன்று பதினொன்றாக மூன்று வரி, மொத்தம் 33 எழுத்துகள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் கலந்து வரும். மளிகைக்கடை ரசீதின் பின்புறத்தில் எழுதினேன். மறுநாள் தட்டச்சு செய்தால் ஏற்கவில்லை. ஐ எழுத்தா எல் எழுத்தா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். சுழியமா ஓ எழுத்தா என்று பார்த்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, மூன்றாம் வரியில் ஓர் எழுத்தையே விட்டுவிட்டேன் என்று புரிந்தது. ரொக்கம், உத்திகள், பையிலிருந்த பண்டங்கள், உதை 40ஐத் தாண்டிய ரிக்கி, எல்லாம் போயின. மகள் அன்று என்னோடு பேசவில்லை.

குறைகளும் உண்டு. ஓரளவு பலம் ஏறிய பிறகு சண்டையில் சவால் குறைந்துவிடுகிறது. எண்கள் 63இல் நின்றுவிடும், கணினியின் ஆறு இரும இலக்கங்களுக்குள் (பிட்டுக்குள்) அடங்கும் மிகப் பெரிய எண் அது, ஆனால் அதற்கு வெகு முன்பே எதிரிகள் காகிதப் பொம்மைகள் ஆகிவிடுகிறார்கள். தோற்றாலும் தண்டனை லேசானது: கையிலிருந்த காசில் பாதி போகும், தின்றது போகாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. உடம்பில் சேர்ந்ததை யாரும் பிடுங்க முடியாது, பையிலிருப்பது மட்டும் போகும் என்ற கணக்கு நியாயமானதுதான். அதனாலேயே, காசு கொஞ்சம் சேர்ந்தவுடன் அடுத்த திரைக்குள் நுழையப் பயம் வந்துவிடும். திரும்பிப் போய்ச் செலவழித்துவிட்டு வரலாமா என்று கால் தயங்கும். மாத முதல் வாரத்துச் சம்பளக்காரரின் மனநிலை.

டெக்னோஸ் ஜப்பான் 1996இல் திவாலானது. குனியோவின் உரிமை மில்லியன் என்ற நிறுவனத்துக்குப் போய், 2015இல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸிடம் வந்து சேர்ந்தது. 2004இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கு ஒரு மறுபதிப்பு வந்தது. 2019இல் வேஃபார்வர்ட் நிறுவனம் செய்த ‘ரிவர் சிட்டி கேர்ள்ஸ்’ கதையையே தலைகீழாக்கியது: கடத்தப்பட்டவர்கள் குனியோவும் ரிக்கியும், மீட்கக் கிளம்புகிறவர்கள் மிசாகோ, கியோகோ என்ற இரு பெண்கள். ஓவியமும் இசையும் பளபளப்பாக இருக்கின்றன. கடைகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே எதிரிகளை அடித்தாலே அனுபவப் புள்ளி ஏறுகிறது. சாப்பாடு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. நான் அதைப் பாதியில் வைத்திருக்கிறேன்.

பழையதை முடித்துவிட்டோம், கடவுச்சொல் போன பிறகு முதலிலிருந்து தொடங்கி. ரெய்ஹோ பள்ளியின் வாசல் திறந்துகிடந்தது. ஊரிலுள்ள தலைவர்களை எல்லாம் வீழ்த்தியாகிவிட்டது. யமடா மேலே காத்திருந்தான். என் குனியோ உள்ளே நுழைந்துவிடுவான் என்று நினைத்த நேரத்தில் மகள் ரிக்கியைத் திருப்பி எதிர்த்திசையில் நடத்தினாள். திரை இருவருக்கும் ஒன்று என்பதால் நானும் பின்னால் போக வேண்டியதாயிற்று. "எங்கேம்மா போறே?" என்றேன்.

"இன்னும் கையில காசு இருக்குப்பா. சாப்பிட்டுட்டு வரலாம்."